இரண்டாம் முறை சொல்லும் ‘ஆம்’



பேதுருவை ஆண்டவர் ஒரு முறை அல்ல, இரண்டு முறை அழைத்தார். முதல் அழைப்பை லூக்கா நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். கெனசரேத்து ஏரிக்கரை. இரவெல்லாம் வலை வீசியும் ஒன்றும் கிடைக்காத ஒரு விடியற்காலை. பிறகு வலை கிழியும் அளவுக்கு மீன்பாடு. படகைக் கரையில் விட்டுவிட்டு சீமோன் ஆண்டவரின் பின்னே நடந்தார். அப்போது அவருக்குக் கெத்சமனி தெரியாது, கல்வாரி தெரியாது. சேவல் கூவும் அந்த இரவும் தெரியாது.

இரண்டாம் அழைப்பு யோவான் நற்செய்தியின் இருபத்தொன்றாம் அதிகாரத்தில் இருக்கிறது. அதே கடல், அதே வலை, அதே பேதுரு. ஆனால் இப்போது அவருக்கு எல்லாம் தெரியும். சிலுவை எப்படி இருக்கும் என்று தெரியும். தான் எவ்வளவு பலவீனமானவர் என்பதும் தெரியும். போதாததற்கு, முதிர்ந்த வயதில் உனக்கு விருப்பமில்லாத இடத்துக்கு வேறொருவர் உன்னைக் கட்டிக் கொண்டுபோவார் என்று ஆண்டவரே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறார். அதைச் சொல்லிவிட்டுத்தான் தம்மைப் பின்தொடரும்படி கேட்கிறார்.

அன்பார்ந்தவர்களே, முதல் முறை ‘ஆம்’ என்று சொல்ல ஆர்வம் போதும். இரண்டாம் முறை ‘ஆம்’ என்று சொல்லத்தான் விசுவாசமும் துணிவும் வேண்டும். இதை நூலில் மட்டும் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. நம் சோழநாட்டு வயல் வரப்புகளில் நடந்த ஒரு மனிதரின் வாழ்விலேயே இதைப் பார்க்கலாம். அவர்தான் புனித அருளானந்தர். ஓரியூர் செம்மண்ணைப் பொட்டலமாகக் கட்டி வீட்டில் வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. ஆனால் அந்த மண்ணுக்கு வருமுன் அவர் நம் தஞ்சைத் தரணியில் உழைத்தார் என்பதையும், ஒரு முறை உயிர் தப்பிய பிறகு மீண்டும் அதே மண்ணுக்குத் திரும்பி வந்தவர் என்பதையும் நாம் அதிகம் நினைப்பதில்லை.

தாய் தடுத்த பயணம்

ஜான் டி பிரிட்டோ 1647ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் நாள் போர்த்துக்கல் நாட்டின் தலைநகரான லிஸ்பனில் பிறந்தார். உயர்குடிக் குடும்பம். தந்தை சால்வதோர் டி பிரிட்டோ, பிரேசில் நாட்டில் மன்னரின் பிரதிநிதியாக இருந்தவர். மகன் சிறு குழந்தையாக இருந்தபோதே அவர் இறந்துவிட்டார். பிள்ளைகளை வளர்த்தவர் தாய் பெயத்ரிஸ் பெரைரா. சிறுவன் ஜான் அரண்மனையில் இளவரசன் பேதுருவின் விளையாட்டுத் தோழனாக வளர்ந்தான். பிற்காலத்தில் அந்த இளவரசனே இரண்டாம் பேதுரு என்ற பெயரில் போர்த்துக்கல் மன்னரானார்.

பத்துப் பதினோரு வயதில் ஜான் கடும் நோயில் விழுந்தான். மருத்துவர்கள் கைவிட்ட நிலையில் தாய் புனித பிரான்சிஸ் சவேரியாரிடம் மன்றாடினார். பிள்ளை பிழைத்தால் ஓராண்டுக் காலம் இயேசு சபையின் அங்கியை அணிவிப்பதாக நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தான். வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி நடந்து வரும் நம் பிள்ளைகளைப் போல, அரண்மனைக்குள் அந்தச் சிறுவன் கறுப்பு அங்கி அணிந்து ஓராண்டு நடந்தான். அந்த ஆண்டு முடிந்தபோது அங்கியைக் கழற்றினான், ஆனால் ஆசை கழலவில்லை. 1662ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், பதினைந்து வயதில் இயேசு சபையில் சேர்ந்தார்.

அதுவரை தாய்க்கு மகிழ்ச்சிதான். ஆனால் மகன் குருப்பட்டம் பெற்று, இந்தியாவுக்கு, அதிலும் மதுரை மறைப்பணித் தளத்துக்குப் போகிறேன் என்றபோது அந்தத் தாயால் தாங்க முடியவில்லை. திருத்தந்தையின் தூதர் வரை போய்ப் பயணத்தைத் தடுக்க முயன்றார். இதைக் கேட்டு நாம் அந்தத் தாயைக் குறை சொல்ல வேண்டாம். பிள்ளைக்காக நேர்த்திக்கடன் வைத்தவர் அவரே. அந்த நேர்ச்சை இவ்வளவு தூரம் கேட்கும் என்று அவர் எண்ணியிருக்க மாட்டார். பிள்ளைக்கு உயிர் தாரும் என்று கேட்பது எளிது. கொடுத்த உயிரைத் திரும்பத் தா என்று ஆண்டவர் கேட்கும்போதுதான் கை நடுங்குகிறது. ஆபிரகாமுக்கே அது மலையேற்றமாகத்தானே இருந்தது?

1673ஆம் ஆண்டு மார்ச் மாதம், இருபத்தாறு வயதில் ஜான் கப்பலேறினார். இது அவர் சொன்ன முதல் ‘ஆம்’.

போர் நடந்த வயல்களில்

கோவாவுக்கு வந்து, சவேரியாரின் கல்லறையில் வேண்டிக்கொண்டு, மலையாள நாட்டின் அம்பழக்காட்டில் தங்கி, அங்கிருந்து மலைகளைக் கடந்து கால்நடையாகவே 1674ஆம் ஆண்டில் தமிழகம் வந்துசேர்ந்தார். நாகப்பட்டினம் துறைமுகம் அவருக்குப் பயன்படவில்லை. ஒரு காலத்தில் போர்த்துக்கீசியர் கையில் இருந்த நம் நாகப்பட்டினத்தை 1658ஆம் ஆண்டிலேயே டச்சுக்காரர் பிடித்திருந்தனர். கத்தோலிக்கக் குருக்களுக்கு அவர்கள் ஆளும் கரைகளில் இடமில்லை.

உள்நாட்டின் நிலையும் அமைதியாக இல்லை. 1673இல் மதுரை சொக்கநாத நாயக்கர் தஞ்சையைப் பிடித்தார். தஞ்சையின் கடைசி நாயக்க மன்னர் விஜயராகவர் போரில் மாண்டார். இரண்டொரு ஆண்டுகளுக்குள் மராத்தியரான ஏகோஜி தஞ்சையைக் கைப்பற்றினார். 1677இல் அவருடைய அண்ணன் சிவாஜி பெரும்படையோடு தெற்கே வந்து செஞ்சியைப் பிடித்தார். போர் முடிந்த இடத்தில் பஞ்சமும், பஞ்சம் முடிந்த இடத்தில் வெள்ளமும் வந்தன. விதைநெல்லைக்கூட வைத்துக்கொள்ள முடியாமல் குடியானவர்கள் ஊரைவிட்டு ஓடிய காலம் அது.

அந்தக் காலத்தில்தான் அவர் தஞ்சை நாட்டுத் தத்துவாஞ்சேரியில் பணி செய்தார். ஜான் என்னும் பெயருக்கு ‘ஆண்டவர் அருள்கூர்ந்தார்’ என்பது பொருள். அந்த அருளைத் தமிழில் எடுத்துக்கொண்டு அருளானந்தர் ஆனார். அவருக்கு முன்பே இராபர்ட் தெ நொபிலி 1606ஆம் ஆண்டு மதுரைக்கு வந்து, தமிழ்த் துறவியின் கோலத்தில் நற்செய்தி சொல்லும் வழியைத் திறந்திருந்தார். உயர்சாதியார் நடுவே அந்த வழி சென்றது. எளிய மக்களையும் சென்று சேர வேண்டும் என்பதற்காக 1640ஆம் ஆண்டில் பண்டாரசாமிகள் என்னும் முறை தொடங்கியது. அருளானந்தர் அந்தப் பண்டாரசாமிகளில் ஒருவர். காவி உடை, காலில் செருப்பு, கையில் கோல். புலால் இல்லை, மது இல்லை. சோறும் காய்கறியும் பாலுமே உணவு. படுக்கை வெறுந்தரை. அரண்மனையில் வளர்ந்தவருக்கு இது எளிதாக இருந்திருக்காது. பன்னிரண்டு ஆண்டுகள் இப்படி நடந்தார்.

மங்கலம் முதல் லிஸ்பன் வரை

1686இல் அவர் மறவர் சீமைக்குள் நுழைந்தார். பல ஆண்டுகளாகக் குரு ஒருவர் நிலையாகத் தங்க முடியாத நாடு அது. சில வாரங்களில் ஆயிரக்கணக்கானோர் திருமுழுக்குப் பெற்றனர். ஜூலை மாதத்தில் மங்கலம் என்னும் ஊருக்கு அருகே சேதுபதியின் படைத்தலைவர் அவரையும் அவரோடு இருந்த வேதியர்களையும் பிடித்தார். அடித்தார்கள். மரத்தில் கட்டினார்கள். கயிற்றில் கட்டி நீரில் முக்கி முக்கி எடுத்தார்கள். சிவன் பெயரைச் சொன்னால் விடுகிறோம் என்றார்கள். சொல்லவில்லை. மரணதண்டனை காத்திருந்தது.

ஆனால் இராமநாதபுரத்தில் கிழவன் சேதுபதி அவரை நேரில் அழைத்து விசாரித்தார். அவர் போதிப்பது என்ன என்று கேட்டு அறிந்தார். பிறகு, இனி இந்த நாட்டில் போதிக்கக் கூடாது, வந்தால் உயிர் தப்பாது என்று எச்சரித்து விடுதலை செய்தார். அன்பானவர்களே, இந்தச் செய்தியை நாம் மறக்கக் கூடாது. நம் நாடகங்களில் சேதுபதியைக் கொடியவராக மட்டும் காட்டிப் பழகிவிட்டோம். வரலாறு காட்டும் சேதுபதி, தன் அதிகாரிகள் கொல்லத் துடித்த ஒருவரை முதல் முறை உயிரோடு அனுப்பிய மன்னர்.

விடுதலையான அருளானந்தரை அவருடைய மேலாளர்கள் ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். மதுரைப் பணித்தளத்தின் நிலையை எடுத்துச் சொல்லவும், ஆட்களும் உதவியும் திரட்டவும் ஒரு பிரதிநிதி தேவைப்பட்டார். 1688ஆம் ஆண்டு செப்டம்பரில் லிஸ்பன் சேர்ந்தார். பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு தாயின் முகத்தைப் பார்த்தார். இளமைத் தோழன் இப்போது மன்னர். தன் மகனுக்கு ஆசிரியராக இங்கேயே இருந்துவிடுங்கள் என்று மன்னர் விரும்பிக் கேட்டார்.

இங்கே சற்று நின்று யோசியுங்கள். அவர் அங்கேயே தங்கியிருந்தால் யார் குறை சொல்லியிருப்பார்கள்? அவர் போய்ப் பார்த்தாகிவிட்டது, அடிபட்டாகிவிட்டது, உடம்பில் தழும்பும் இருக்கிறது. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. இளவரசனுக்குக் கற்பிப்பதும் நல்ல பணிதான். தாய்க்கும் வயதாகிவிட்டது. போகாமல் இருப்பதற்கு ஒவ்வொரு காரணமும் நேர்மையான காரணம். அன்பானவர்களே, சோதனை எப்போதும் கெட்ட வேடம் போட்டுக்கொண்டு வருவதில்லை. பல சமயம் நல்ல காரணங்களைக் கையில் ஏந்திக்கொண்டு வருகிறது.

அந்த நாள்களில் லிஸ்பனில் அவர் எப்படி வாழ்ந்தார் என்பதில் ஒரு சிறு செய்தி உண்டு. பண்டாரசாமியாகத் தமிழகத்தில் உண்ட மரக்கறி உணவையே அங்கும் உண்டார். கட்டில் இருந்தும் தரையிலேயே படுத்தார். பார்ப்பவர்களுக்கு இது வீம்பாகத் தோன்றியிருக்கலாம். எனக்கு இதுதான் அவர் திரும்பி வந்ததன் இரகசியம் என்று தோன்றுகிறது. திரும்பிப் போவது என்று முடிவெடுக்க வேண்டிய நாள் வரும்போது, கால் அந்த வழியை மறந்திருக்கக் கூடாது. தினமும் சிறிது சிறிதாகச் சொல்லிப் பழகிய ‘ஆம்’ தான் பெரிய நாளில் வாயில் வரும். திடீரென்று ஒருநாள் துணிவு பிறப்பதில்லை.

1690ஆம் ஆண்டு ஏப்ரலில் மீண்டும் கப்பலேறினார். இந்த முறை அவருக்கு எல்லாம் தெரியும். திரும்பி வந்தால் உயிர் தப்பாது என்று ஒரு மன்னர் சொன்ன வார்த்தையும் தெரியும். இது இரண்டாம் ‘ஆம்’.

தடியத்தேவரும் அவருடைய வீட்டாரும்

மறவர் சீமையில் தடியத்தேவர் என்னும் பிரபு ஒருவர் இருந்தார். அரச வழியில் வந்தவர், அரியணைக்கு உரிமை கோரத்தக்கவர். அவர் கடும் நோயில் இருந்தபோது ஒரு வேதியர் சென்று அவர்மேல் நற்செய்தி வாசித்து வேண்டினார். அவர் நலமடைந்தார். திருமுழுக்கு வேண்டும் என்று கேட்டார். அவருக்குப் பல மனைவியர். ஒரு மனைவியோடு வாழ்வதாக இருந்தால் மட்டுமே திருமுழுக்குத் தர முடியும் என்றார் அருளானந்தர். தேவர் இசைந்தார். முதல் மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவர்களைக் கைவிடாமல் பராமரிப்பதாகச் சொன்னார். 1693ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், திருக்காட்சிப் பெருவிழாவன்று அவருக்குத் திருமுழுக்கு நடந்தது.

விலக்கப்பட்டவர்களில் இளையவள் சேதுபதியின் நெருங்கிய உறவுப்பெண். அவள் சேதுபதியிடம் போய் முறையிட்டாள். இரண்டு நாளில், ஜனவரி 8ஆம் நாள், அருளானந்தர் கைதானார்.

இந்த இடத்தில் நம் மறையுரைகளும் நாடகங்களும் அந்தப் பெண்ணை ஏரோதியாவைப் போலக் காட்டிவிட்டுக் கடந்துபோவது வழக்கம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஒரு வீட்டுக்கு மருமகளாக வந்தவள், தன் குற்றம் ஒன்றும் இல்லாமல் ஒருநாள் மனைவி என்ற இடத்தை இழக்கிறாள். சோறும் துணியும் கிடைக்கும் என்றால் அவமானம் போய்விடுமா? அவளுடைய கண்ணீரும் மெய்யான கண்ணீர். அருளானந்தர் திருமண அருளடையாளத்தின் உண்மையில் உறுதியாக நின்றார், அது சரியே. ஆனால் ஒருவர் ஆண்டவருக்கு ‘ஆம்’ என்று சொல்லும்போது அதன் பாரம் பக்கத்தில் இருப்பவர்கள் தோளிலும் விழுகிறது. லிஸ்பனில் தாய் தோளில் விழுந்தது. மறவர் சீமையில் அந்தப் பெண்ணின் தோளில் விழுந்தது. அழைப்பை ஏற்றவர்கள் இதை மறந்துவிட்டால் பக்தி கல்லாகிவிடும்.

சேதுபதிக்கும் இது வெறும் குடும்பச் சண்டை அல்ல. அரியணைக்கு உரிமையுள்ள ஒருவர் புதிய மறையைத் தழுவுகிறார். அவரைப் பின்பற்றி எத்தனை பேர் போவார்களோ என்ற அச்சம். நாடு கலகத்துக்குள் விழுமோ என்ற கவலை. இராமநாதபுரத்திலேயே கொன்றால் கிளர்ச்சி எழும் என்று கருதி, அருளானந்தரை ஓரியூரில் இருந்த தன் தம்பி உடையத்தேவரிடம் அனுப்பினார். ஜனவரி கடைசி நாள் அவர் ஓரியூர் சேர்ந்தார்.

சிறையில் அவரிடம் தாளும் மையும் இல்லை. கரியைக் குழைத்து மையாக்கித் தன் சபைத் தோழர்களுக்கு மடல் எழுதினார். பிப்ரவரி 3ஆம் நாள் எழுதிய மடலில் புலம்பல் இல்லை, யார்மீதும் பழி இல்லை. இறைவனின் நெறியைக் கற்பித்ததே தன்மேல் சுமத்தப்பட்ட குற்றம் என்றும், அதற்காகத் துன்புறுவது தனக்குப் பெருமை என்றும் எழுதுகிறார். மறுநாள், 1693ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள், ஆற்றங்கரை மணல்மேட்டில் அவர் தலை வெட்டப்பட்டது. அன்று திருநீற்றுப் புதன். உலகெங்கும் கத்தோலிக்கரின் நெற்றியில் குருக்கள் சாம்பல் பூசி, மனிதன் மண்ணே என்று நினைவூட்டிய அதே நாளில், ஓரியூர் மண் சிவந்தது.

செய்தி லிஸ்பனை எட்டியபோது தாய் பெயத்ரிஸ் அரண்மனைக்கு அழைக்கப்பட்டார். அவர் துக்க உடை அணிந்து போகவில்லை. திருவிழா உடையணிந்து போனார் என்று சொல்லப்படுகிறது. இருபது ஆண்டுகளுக்கு முன் மகன் போவதைத் தடுக்க ஓடிய அதே தாய். இவரும் இரண்டாம் முறை ‘ஆம்’ சொன்னவர்தான். அந்த உடைக்குள் அழுதிருக்க மாட்டாரா என்று நீங்கள் கேட்கலாம். அழுதிருப்பார். மரியாவும் சிலுவையடியில் கண்ணீரோடுதான் நின்றிருப்பார். விசுவாசம் கண்ணீரைத் துடைத்துவிடும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. கண்ணீரோடு நிற்கும் வலிமையைத்தான் அது தருகிறது.

1853இல் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் அவரை அருளாளராக உயர்த்தினார். 1947ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் புனிதராக அறிவித்தார். அதற்கு எட்டு வாரங்களுக்குள் நம் நாடு விடுதலை பெற்றது.

திரும்பிப் போக இடமில்லாதவர்கள்

இந்த வரலாற்றில் எப்போதும் நிழலாகவே நிற்கும் சிலர் இருக்கிறார்கள். 1686இல் அருளானந்தரோடு அடிபட்ட வேதியர்கள். மடத்தில் விளக்கேற்றியவர்கள், செபம் சொல்லிக்கொடுத்தவர்கள், சாமியார் வருமுன் ஊருக்குப் போய் மக்களைத் தயார் செய்தவர்கள், தடியத்தேவரின் கட்டிலருகே நற்செய்தி வாசித்தவர். இவர்கள் நம்மைப் போன்ற பொதுநிலையினர். சாமியார் லிஸ்பனுக்குப் போய்விட்டார். இவர்களுக்குப் போக லிஸ்பன் இல்லை. அடித்த படைவீரன் அதே தெருவில் நடந்தான். ஏளனம் செய்தவர்கள் அதே கிணற்றில் நீர் இறைத்தார்கள். இவர்கள் தினமும் காலையில் எழுந்து அதே ஊரில் அதே விசுவாசத்தோடு வாழ வேண்டியிருந்தது. அருளானந்தர் கடல் கடந்து வந்து சொன்ன இரண்டாம் ‘ஆம்’-ஐ இவர்கள் வாசற்படியிலேயே நின்று சொன்னார்கள்.

அதே நூற்றாண்டின் இறுதியில், 1687இல், கோவாவைச் சேர்ந்த யோசேப்பு வாஸ் அடிகளார் பிச்சைக்காரர் கோலத்தில் யாழ்ப்பாணம் போனதும், டச்சுக்காரர் கண்ணுக்கு மறைந்து அங்குள்ள கத்தோலிக்கரைத் தேடித் தேடிச் சந்தித்ததும் உங்களுக்குத் தெரியும். அவர் தேடிப் போனபோது விசுவாசம் அங்கே அணையாமல் இருந்தது. குருக்கள் இல்லாத ஆண்டுகளில் அதைக் காத்தவர்கள் குடும்பத்தினர்தாம். அறுபது ஆண்டுகளுக்குப் பின் நாஞ்சில் நாட்டில் மறைசாட்சி தேவசகாயம் வந்தார். 1745இல் திருமுழுக்குப் பெற்றவர், மனைவி உள்ளவர், அரண்மனை அலுவலர். 1749இல் கைதாகி, மூன்று ஆண்டுகள் துன்புற்று, 1752ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் காற்றாடிமலையில் சுடப்பட்டு இறந்தார். அந்த மூன்று ஆண்டுகளில் ஒவ்வொரு நாளும் மறுத்துவிட்டு வீட்டுக்குப் போக வாய்ப்பு இருந்தது. ஆக, அவர் ஒரு முறை அல்ல, ஏறத்தாழ ஆயிரம் முறை ‘ஆம்’ சொன்னார். 2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, இந்திய மண்ணின் முதல் பொதுநிலைப் புனிதர் நமக்குக் கிடைத்தார்.

நம் கரையில்

நாகூரிலும் நாகப்பட்டினத்திலும் வாழும் நமக்கு இரண்டாம் ‘ஆம்’ என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்கு மறுநாள் காலை, கடல் நம் தெருவுக்குள் வந்தது. தமிழகத்திலேயே அதிக உயிர்களை இழந்தது நம் நாகப்பட்டினம் மாவட்டம்தான், ஆறாயிரத்துக்கும் மேல். அந்த நாள்களில் நாகூர் தர்கா தன் நிலத்தைத் திறந்து, எந்த மதம் என்று பாராமல் இறந்தவர்களை அடக்கம் செய்ய இடம் கொடுத்ததை இந்த ஊர் மறக்காது. அதன்பின் சில மாதங்கள் கழித்து நம் மீனவச் சகோதரர்கள் மீண்டும் படகைத் தள்ளினார்கள். சிறுவனாக முதன்முதலில் அப்பாவோடு கடலுக்குப் போனபோது தள்ளியது ஆசையால். இந்த முறை தள்ளியது கடல் என்ன செய்யும் என்று கண்ணால் கண்ட பிறகு. படகு ஒன்றுதான், ஆனால் தள்ளிய மனம் வேறு. 2018இல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் தென்னைகளை வேரோடு சாய்த்த பிறகும், அதே குழியில் புதுக் கன்று வைத்த விவசாயியும் இப்படித்தான்.

அழைப்பு என்றவுடன் குருமடத்தையும் கன்னியர் மடத்தையும் மட்டும் நினைக்கிறோம். அதுவும் அழைப்புதான். ஆனால் திருமணத்தில் கை பிடித்தபோது சொன்னதும் ஓர் ‘ஆம்’. பத்தாண்டு கழித்து, கணவனின் குடியையோ மனைவியின் நோயையோ கண்ட பிறகு சொல்வது இரண்டாம் ‘ஆம்’. (அடி வாங்கிக்கொண்டு இரு என்று நான் சொல்லவில்லை. உயிருக்கு ஆபத்து என்றால் பாதுகாப்பான இடத்துக்குப் போவதும் துணிவுதான். ஆண்டவரே நாசரேத்தில் தம்மைத் தள்ளிவிட வந்தவர்கள் நடுவிலிருந்து விலகிப் போனார்.) குடியை விட்டவர் ஒரு முறை தவறிய பிறகு மீண்டும் மறுநாள் காலையில் ‘இன்று தொடமாட்டேன்’ என்பது இரண்டாம் ‘ஆம்’. படுக்கையில் கிடக்கும் மாமியாருக்கு நான்காம் ஆண்டிலும் கஞ்சி ஊட்டும் மருமகள் சொல்வது இரண்டாம் ‘ஆம்’. ஞாயிறு மறைக்கல்வி எடுக்க உற்சாகமாக முன்வந்து, பிள்ளைகள் வராத நாளிலும் கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்கும் ஆசிரியை சொல்வதும் அதுவே.

பெற்றோரிடம் ஒரு வார்த்தை. இன்று பல வீடுகளில் ஒரு பிள்ளை, இரண்டு பிள்ளை. ‘சாமி, ஒத்தப் பிள்ளையை எப்படி அனுப்புறது?’ என்று கேட்கிறீர்கள். அந்தக் கேள்வி நியாயமானது. பெயத்ரிஸ் அம்மாள் கேட்ட கேள்வியும் அதுதான். பிள்ளையை மடத்துக்குத் தள்ளிவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. தள்ளினால் அது அழைப்பாகாது. பிள்ளை தானாக வந்து பேசும் நாளில், முதல் வார்த்தையாக ‘வேண்டாம்’ என்று சொல்லாதீர்கள். கேளுங்கள். அழவேண்டும் என்றால் அழுங்கள். பிறகு அந்தப் பிள்ளையோடு சேர்ந்து செபியுங்கள். வெளிநாட்டு வேலைக்கு என்றால் ஒத்தப் பிள்ளையையும் கப்பலேற்றுகிறோம், விமானமேற்றுகிறோம். அந்தப் பிரிவைத் தாங்கும் மனம் நம்மிடம் இருக்கிறது. ஆண்டவருக்கும் அதில் ஒரு பங்கு இருக்கட்டும்.

அன்பார்ந்தவர்களே, அருளானந்தரின் வரலாற்றிலிருந்து மூன்றை மட்டும் நெஞ்சில் எடுத்துச் செல்வோம். முதலாவது, பழக்கத்தை விடாதீர்கள். லிஸ்பனிலும் அவர் தரையில் படுத்ததைப் போல, செபம் ருசிக்காத நாளிலும் செபியுங்கள். அந்தப் பத்து நிமிடம்தான் உங்களைத் திரும்பிவரச் செய்யும் பாதை. இரண்டாவது, தனியாகப் போகாதீர்கள். அவரோடு வேதியர்கள் இருந்தார்கள். உங்கள் சுமையை அறிந்த ஒரு நண்பர், ஓர் அன்பியம், ஒப்புரவுக்கு ஒரு குரு உங்களுக்கு இருக்கட்டும். மூன்றாவது, உங்கள் ‘ஆம்’-இன் பாரத்தை உங்களோடு சேர்ந்து சுமப்பவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் முணுமுணுத்தால் கோபப்படாதீர்கள். நன்றி சொல்லுங்கள்.

நம்மில் யாரும் வாளுக்குத் தலை கொடுக்க அழைக்கப்படாமல் போகலாம். ஆனால் நம்மில் ஒவ்வொருவருக்கும் ஒரு லிஸ்பன் இருக்கிறது. இங்கேயே இருந்துவிடு என்று நியாயமான குரலில் சொல்லும் ஓர் இடம். அங்கிருந்து கப்பலேறும் நாளில் ஆண்டவர் நம்மோடு இருப்பார். விழுந்த பேதுருவிடம் அவர் கணக்குக் கேட்கவில்லை. அன்பு இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். நம்மிடமும் அதையே கேட்பார்.

செபிப்போம்: எங்களை முதலில் அழைத்தவரும், நாங்கள் தயங்கி நிற்கையில் மீண்டும் அழைப்பவருமான ஆண்டவரே, எங்கள் களைப்பும் தவறுகளும் உமக்குத் தெரியும். வருவதை அறிந்த பின்னும் உம் பின்னே நடக்கும் துணிவைப் புனித அருளானந்தரின் வேண்டுதலால் எங்களுக்குத் தாரும். எங்களுக்காகச் சுமை தாங்கும் எங்கள் தாய்மாரையும் குடும்பங்களையும் ஆசீர்வதியும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.